ரம்முக்கும் ஊர் உண்டு

நான் வேலை பார்க்கும் பயணிகள் கப்பலின் பாரில் ரம்மை மூன்றாகப் பிரித்து அட்டையில் போட்டிருப்பார்கள்: வெள்ளை, பொன்னிறம், கறுப்பு. பெரும்பாலான பார்களில் இதே கதைதான். கரீபியன் தீவுகளைச் சுற்றி வந்து, இந்த பாட்டில்கள் பிறந்த ஊர்களைக் கொஞ்சம் பார்த்த பிறகு, இப்படிப் பிரிப்பது ரம்முக்குச் செய்யும் அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

வடித்து இறக்கும்போது எல்லா ரம்மும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஓக் பீப்பாயில் கிடக்கக் கிடக்க நிறம் ஏறும். சில ஆண்டுகள் பீப்பாயில் இருந்ததைக் கரியில் வடிகட்டி மறுபடி வெள்ளையாக்குபவர்கள் உண்டு. இளசான சரக்கில் கேரமலைக் கலந்து கறுப்பாக்குபவர்களும் உண்டு. கறுப்பாக இருந்தால் பழசு, காட்டம் என்று நம்பி வருகிறவருக்கு ஜமைக்காவின் வெள்ளை ரம் ஒன்றைக் காட்டினால் போதும். ரே அண்ட் நெஃப்யூ ஓவர்புரூஃப், 63 சதவீதம் ஆல்கஹால். பார்வைக்குப் பச்சைத் தண்ணீர்.

பாரில் எனக்கு சீனியராக இருந்தவர் ஜமைக்காக்காரர். மூக்கை கிளாஸுக்குள் விடாதே என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கிளாஸைத் தாடைக்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர வேண்டும். அப்போதுதான் ஆல்கஹாலின் நெடி மூக்கை அடைக்காமல் வாசனை தனியாகத் தெரியும். முதல் வாயை வைத்து எந்த முடிவுக்கும் வராதே என்றும் சொல்வார். முதல் வாய் நாக்கைப் பழக்கத்தான். ருசி இரண்டாவது வாயில்தான் பிடிபடும்.

ஜமைக்காவில் பால்மத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஹாம்ப்டன் எஸ்டேட்டுக்கு என்னை அவர்தான் போகச் சொன்னார். 1753-இல் தொடங்கிய தோட்டம். நொதிக்க வைக்கும் கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. இருட்டு, வெக்கை, வரிசையாகப் பெரிய பெரிய மரத்தொட்டிகள். தொட்டிக்குள் பழுப்பு நுரை மெதுவாக எழும்பி உடைந்துகொண்டிருந்தது. கனிந்து தோல் கறுத்த வாழைப்பழம், அன்னாசி, கூடவே காடியின் புளிப்பு என்று எல்லா வாசனையும் ஒன்றாக வந்து அறைந்தது.

அங்கே கடையில் வாங்கிய ஈஸ்ட் எதையும் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரத்திலும் இருக்கும் நுண்ணுயிர்களே வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. அதோடு, முந்தைய முறை வடித்தபோது அடியில் மிஞ்சியதையும் சேர்க்கிறார்கள். அதற்கு டண்டர் என்று பெயர். புது மாவில் பழைய மாவு ஒரு கரண்டி சேர்க்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? மற்ற இடங்களில் ஓரிரண்டு நாளில் முடித்துவிடும் நொதித்தல் இங்கே ஒரு வாரத்துக்கு மேலும் போகும். அந்த அவகாசத்தில் பாக்டீரியாக்கள் அமிலங்களை உண்டாக்குகின்றன. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர்களாகின்றன. பழவாசனை அங்கிருந்து வருவது. பழம் எதையும் யாரும் போடுவதில்லை.

கப்பல் கரை தொடாத நாட்களில் நாங்கள் ருசி பார்க்கும் வகுப்பு நடத்துவோம். ஆளுக்கு நான்கு சிறிய கிளாஸ்கள், ஒவ்வொன்றிலும் 15 மில்லி. என் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் பார்படோஸ். அங்குள்ள மவுண்ட் கே வடிசாலைக்கு 1703-ஆம் ஆண்டுப் பத்திரம் இருக்கிறது. பானை மாதிரி இருக்கும் பாட் ஸ்டில், தூண் மாதிரி உயர்ந்த காலம் ஸ்டில் என்று இரண்டு வகை வடிகலன்களிலும் வடித்துக் கலப்பதால் நிதானமான ருசி. தொடங்க அதுதான் சரி. அடுத்து கயானா: கனமாக, வெல்லப்பாகு வாசத்தோடு இருக்கும். மூன்றாவது மார்ட்டினிக். கடைசியாகத்தான் ஜமைக்கா. அதை முதலில் கொடுத்துவிட்டால் மற்ற மூன்றும் நாக்கில் ஏறாது.

ஒருமுறை வகுப்புக்குக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். ஊரில் ஓல்ட் மங்க்கும் கோலாவும்தான் அவருக்கு. ஜமைக்கா கிளாஸை முகர்ந்தவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சின்ன ஸ்பூனில் தண்ணீர் எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கச் சொன்னேன். தண்ணீர் சேரச் சேரக் காட்டம் அடங்கி, அடியில் இருக்கும் வாசனை மேலே வரும். மறுபடி முகர்ந்தார். "ஏந் தம்பி, பலாப்பழ வாசம் அடிக்குதுங்க. எசன்ஸ் ஏதும் போட்டிருக்காங்களா?" என்றார். மனைவியும் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, ஆமாம், நல்லாப் பழுத்த சுளை என்றார். ஹாம்ப்டனின் மரத்தொட்டிகளைப் பற்றி அவர்களிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன். என் வேலையில் நான் அதிகம் விரும்புவது இப்படிப்பட்ட பேச்சைத்தான்.

வயது பற்றியும் நிறையப் பேர் கேட்பார்கள். வெப்ப நாட்டில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் ஆவியாகிப் போய்விடும். ஸ்காட்லாந்தில் 2 சதவீதம் போல. அதனால் 12 ஆண்டு ரம்மை 12 ஆண்டு விஸ்கியோடு எண்ணை வைத்து ஒப்பிடுவது சரியாக வராது. ஜமைக்கா ரம்மில் வயது போட்டிருந்தால், கலவையில் இருப்பதிலேயே இளசானதன் வயது அது. வேறு சில நாட்டு பாட்டில்களில் பெரிய எண் இருக்கும், ஆனால் அது வயதாகவே இருக்காது. வடித்த பிறகு சர்க்கரை சேர்த்தவையும் சந்தையில் ஏராளம். அவற்றை விரும்பிக் குடிப்பவர்களை நான் குறை சொல்வதில்லை. விலையைப் பார்த்து வாங்குகிறவருக்கு மட்டும் இதைச் சொல்லிவிடுவேன்.

மார்ட்டினிக் ரம் தனி ஜாதி. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து பெரும்பாலும் வடிப்பதில்லை, பிழிந்த கரும்புச்சாற்றிலிருந்தே வடிக்கிறார்கள். 1996 முதல் அதற்குப் பிரான்ஸ் அரசின் பூர்விகப் பெயர்க் காப்பும் இருக்கிறது. முகர்ந்தால் கரும்புத் தோகையின் பச்சை வாசம். அதை ஊற்றும்போதெல்லாம் எனக்கு நம் ஆட்களின் நினைப்புதான். அடிமை முறை 1848-இல் ஒழிந்த பிறகு அந்தக் கரும்புக்காட்டில் வேலைக்கு ஆள் தேடினார்கள். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். தீவின் வடக்கே பாஸ்-புவான்த் பக்கம் அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் மாரியம்மனையும் மதுரை வீரனையும் கும்பிடுகிறார்கள். வீரனுக்குப் படைப்பது அந்த ஊர் ரம். ஜமைக்காவில் வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது ரம்மை மண்ணில் தெளிப்பார்கள் என்று என் சீனியர் சொல்லியிருக்கிறார். கருப்பனுக்குச் சாராயம் வைக்கிற ஊர்க்காரனுக்கு இரண்டும் அந்நியமாகத் தெரியவில்லை.

மார்ட்டினிக்கில் அந்த ஊர் ரம்மை டி பஞ்ச் என்று பரிமாறுவார்கள். வெள்ளை ரம், எலுமிச்சையின் ஓரத்தில் சீவிய சின்ன வில்லை ஒன்று, கொஞ்சம் கரும்புப்பாகு. அவ்வளவுதான். பார்க்காரர் கலந்து தருவதில்லை. பாட்டிலையும் பாகையும் எலுமிச்சையையும் வைத்துவிடுவார். அவரவர் அளவு அவரவருக்கு. எங்கள் பாரில் முழு பாட்டிலை மேசையில் வைக்க முடியாது. அதனால் அளந்த ரம்மை கிளாஸிலும் மற்றதைத் தனித்தனிக் கிண்ணங்களிலும் வைத்து, ஒரு ஸ்பூனும் கொடுப்பேன். பாகை முதலிலேயே முழுக்கக் கொட்டிவிட வேண்டாம், பாதி ஊற்றி ருசி பாருங்கள் என்பேன். ஐஸ் கேட்டால் தருவேன். முதல் இரண்டு வாயை மட்டும் ஐஸ் இல்லாமல் குடித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். பாதிப் பேர் அதன் பிறகு ஐஸைத் தொடுவதில்லை.