பின்சக்கரப் பேரிங்கும் பிரஸ் மேசையும்

கனடாவின் ஒன்ராறியோவில், நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் ஆல் வீல் டிரைவ் கார்கள் அதிகம் வரும் ஒரு சிறிய கராஜில் வேலை செய்பவன் என்ற முறையில், பின்சக்கரப் பேரிங் (இரு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருண்டு சக்கரத்தைச் சுழலவிடும் பாகம்) மாற்றுவதை நான் இரண்டு தனி வேலைகளாகவே பார்க்கிறேன். இரைவது எது என்று உறுதிசெய்வது முதல் வேலை. புதிய பேரிங்கை அது ஓடத் தொடங்கும் முன்பே கெடுத்துவிடாமல் உள்ளே ஏற்றுவது இரண்டாவது. இடையில் துருவோடு நடக்கும் போராட்டம்தான் அதிக நேரத்தை விழுங்குகிறது, பில்லிலும் அதுவே பெரிய தொகையாக நிற்கிறது. ஆயினும் மாற்றிய பேரிங் எத்தனை காலம் ஓடும் என்பது மற்ற இரண்டில்தான் இருக்கிறது.

பின்புற இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை முன் இருக்கையில் அமர்ந்தபடி சொல்வது கடினம். மணிக்கு 50, 60 கிலோமீட்டரில் மெல்லிய முனகலாகத் தொடங்கி, நெடுஞ்சாலை வேகத்தில் பேச்சையே அமுக்கிவிடும் அளவுக்கு உயரும் அந்த ஒலியைச் சீரற்றுத் தேய்ந்த டயரும் எழுப்பும், இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பின்புற டிஃபரன்ஷியலும் எழுப்பும், எஞ்சின் விசையைப் பின்னால் கொண்டுசெல்லும் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாங்கும் நடுப் பேரிங்கும் எழுப்பும். முன்சக்கர இயக்கம் மட்டும் உள்ள காரில் கடைசி இரண்டும் கிடையாது என்பதால் அங்கே சந்தேகப்பட வேண்டியவை குறைவு. சாலை தாரிலிருந்து கொங்கிரீட்டுக்கு மாறும்போது ஒலியும் மாறினால் நான் முதலில் டயரைப் பார்க்கிறேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஒலி வேறுபட்டால் டிஃபரன்ஷியலை. இரண்டுக்கும் அசையாமல் வேகத்தை மட்டும் பின்தொடர்ந்து, கார் வலப்புறம் வளையும்போது கூடி இடப்புறம் வளையும்போது குறைந்தால், பாரம் சாயும் இடது பக்கத்துப் பேரிங்கின் மீது சந்தேகம் வலுக்கிறது.

காரைத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தை நான் அதிகம் நம்புவதில்லை, ஏனெனில் இரைகின்ற பேரிங்குகளில் பல சிறிதும் ஆட்டமின்றி இறுக்கமாகவே இருக்கும். கையால் சுழற்றிப் பார்ப்பதும் இந்தக் கார்களில் முழுத் தெளிவைத் தருவதில்லை. சக்கரத்தை ஆக்ஸில் டிஃபரன்ஷியலோடு இணைத்திருப்பதால் டிஃபரன்ஷியலின் இழுவையும் சேர்ந்தே வருகிறது, பேரிங்கின் நறநறப்பு அதற்குள் மறைந்துபோகிறது. நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாத நிலையில் எஞ்சினால் மெதுவாகச் சுழலவிட்டு, பேரிங்கைத் தாங்கும் உலோகப் பாகமான நக்கிள் ஒவ்வொன்றின் மீதும் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பதே எனக்கு நம்பிக்கை தரும் வழி. ஒரு சக்கரமாவது தரையில் இருக்கும்போது இப்படிச் செய்தால் கார் தாங்கியிலிருந்து பாய்ந்துவிடும் என்பதைப் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது துரு. குளிர்காலம் முழுவதும் சாலையில் இறைக்கப்படும் உப்பு நக்கிளின் ஒவ்வொரு துளைக்குள்ளும் புகுந்திருக்கும். கீழ் இணைப்புக் கம்பிகளை நக்கிளோடு பிணைக்கும் நீண்ட போல்ட், ரப்பர் புஷ்ஷின் உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு ஒன்றாகிப்போயிருந்தால் அதை அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்காகச் சக்கர வேகத்தை அளக்கும் சென்சர் தன் துளையிலேயே இறுகிப்போய்க் கழற்றும்போது உடைவதும் வழக்கம். ஆகவே பத்து, பதினைந்து குளிர்காலங்களைக் கண்ட காருக்கு நிச்சயமான விலை சொல்பவரை நான் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பேன். போல்ட், புஷ், சென்சர் ஆகியவற்றின் விலையைத் தனியாக எழுதி, தேவைப்பட்டால் மட்டும் என்று குறித்துக் கொடுப்பதே இருதரப்புக்கும் நியாயமானது.

புதிய மாடல்கள் பலவற்றில் சக்கரம் பூட்டப்படும் ஹப்பும் பேரிங்கும் ஒரே தொகுதியாக வருகின்றன. நான்கு போல்ட்டுகளைக் கழற்றி மாற்றினால் முடிந்தது. பழைய மாடல்களில் நக்கிளை முழுவதும் கழற்றி, பாகங்களைப் பெரும் விசையோடு அழுத்தும் பிரஸ் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய ஹப்பை வெளியே தள்ளும்போது பேரிங்கின் உள்வளையத்தில் பாதி அதோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கிரைண்டரால் முக்கால் ஆழம் வரை வெட்டி, உளியால் ஓர் அடி கொடுத்தால் பிளந்து கழன்றுவிடும், ஆனால் வெட்டு ஹப்பின் மேற்பரப்பைத் தொட்டுவிடக் கூடாது.

பேரிங்கின் வெளிவளையம் நக்கிளின் துளைக்குள்ளும், ஹப் பேரிங்கின் உள்வளையத்துக்குள்ளும் இறுக்கமாக அமர்கின்றன. பேரிங்கை நக்கிளுக்குள் அழுத்தும்போது விசை வெளிவளையத்தின் வழியாக மட்டுமே செல்ல வேண்டும். பிறகு ஹப்பை அழுத்தும்போது அடியில் உள்வளையம் தாங்கப்பட்டிருக்க வேண்டும். இந்த வரிசை தவறினால் டன் கணக்கான விசை ஒரு வளையத்திலிருந்து மற்றதற்குக் குண்டுகளின் ஊடாகப் பாய்ந்து, குண்டுகள் நின்ற இடங்களிலெல்லாம் ஓடுபாதையில் சிறு குழிகளைப் பதித்துவிடும். எஃகுக் குண்டை உலோகத்தில் அழுத்தி, பதிந்த குழியை அளந்து கடினத்தன்மையைக் கணக்கிடும் முறையை 1900இல் அறிமுகப்படுத்திய சுவீடன் பொறியாளர் பிரினெலின் பெயரால்தான் இந்தச் சேதமும் பிரினெலிங் எனப்படுகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தக் குழிகளோடு வெளியே போகும் கார் முதலில் அமைதியாகவே ஓடும். சில மாதங்களில் அதே முனகலோடு திரும்பி வரும், அப்போது பழி பேரிங் தயாரித்தவர் மேல் விழும். மலிவான பேரிங்கால் வரும் தொல்லையை நான் மறுக்கவில்லை. ஆனால் விரைவில் திரும்பி வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிரஸ் மேசையே காரணம் என்பது என் கணிப்பு.

சில மாடல்களில் பேரிங்கின் ஒரு பக்கத்துச் சீலிலேயே ஏபிஎஸ்ஸுக்கான காந்த வளையம் பதிக்கப்பட்டிருக்கும். இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவதால், அழுத்துவதற்கு முன் ஒரு காகிதக் கிளிப்பை அருகே கொண்டுசென்று, ஒட்டும் பக்கத்தைச் சென்சரை நோக்கி வைக்கிறோம். அதற்கு மேல், பேரிங் நகராமல் பிடிக்கும் வளையமான சர்கிளிப் தன் பள்ளத்தில் முழுதாக அமர்ந்ததா என்று பார்ப்பதோடு மேசை வேலை முடிகிறது.

ஆக்ஸிலின் முனையில் ஹப்பை இறுக்கிப் பிடிக்கும் ஆக்ஸில் நட்டைப் பொறுத்தவரை எங்கள் கராஜில் விவாதத்துக்கு இடமில்லை. புதிய நட், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், தயாரிப்பாளர் கொடுத்த அளவு. நான் அதிகம் கையாளும் கார்களில் அது ஏறக்குறைய 190 நியூட்டன் மீட்டர். இரண்டாகப் பிரிந்த உள்வளையத்தின் பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, பேரிங்கின் உள் இடைவெளியைத் தீர்மானிப்பது அந்த இறுக்கம்தான் என்பதால், நட் முழுதாக இறுக்கப்படும் வரை காரின் எடை சக்கரத்தில் இறங்கக் கூடாது. அவசரத்தில் காரைக் கீழே இறக்கிச் சற்று உருட்டி வைத்துவிட்டுப் பிறகு இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. உதவியாளர் பிரேக்கை மிதித்துக்கொண்டால் தூக்கிய நிலையிலேயே இறுக்கிவிடலாம்.

இரு பக்கமும் மாற்ற வேண்டுமா என்று வாடிக்கையாளர்கள் எப்போதும் கேட்கிறார்கள். பேரிங்குகள் டயர்களைப் போல் ஜோடியாகப் பொருந்த வேண்டியவை அல்ல. இரைவதை மட்டும் மாற்றினால் காரின் ஓட்டத்தில் எந்தக் குறையும் வராது. மறுபக்கமும் அதே வயதுடையது, அதே உப்பில் நனைந்தது என்பது உண்மைதான், இருந்தும் ஸ்டெதஸ்கோப்பில் அது சுத்தமாகக் கேட்டால் நான் அதைத் தொடப் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அந்தப் பக்கத்து போல்ட்டும் சென்சரும் உடையாமல் கழன்றுவரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இரண்டிலும் ஒலி இருந்தால் மட்டும் ஒரே நாளில் இரண்டையும் செய்துவிடுவது வாடிக்கையாளருக்கு மலிவாக முடியும்.