போக ஜவ்வரிசி, வர சோயா

2024 மே 2, வியாழன். நாமக்கல்

வண்டி நின்று இன்றோடு மூன்று நாள். லாரி ஸ்டாண்டில் என்னைப் போல் ஒற்றை வண்டி வைத்திருப்பவர்கள் பதினைந்து பேராவது இருப்போம். லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ்களைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு சுற்று, மாலை நான்கு மணிக்கு இன்னொரு சுற்று. இன்று ஒரு ஆபீசில் கொல்கத்தாவுக்கு லோடு இருந்தது. டன்னுக்கு 4,300 ரூபாய். 24 டன்னுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். பக்கத்திலிருந்தவர், "இதைப் போய் விடுறியே தம்பி" என்று வருத்தப்பட்டார்.

பிப்ரவரியில் இதே வாடகைக்கு இதே ஊருக்குப் போனேன். இறக்கி முடித்த பிறகு ரிட்டர்ன் லோடுக்காக ஆறு நாள் சாலையோரத்தில் கிடந்தேன். அப்புறம் விஜயவாடா வரைக்கும் அடிமாட்டு விலைக்கு ஒரு லோடு, அங்கே இரண்டு நாள், பிறகு இன்னொரு லோடு. வீடு வந்து சேர 19 நாள் ஆனது. கையில் நின்றது 38,000. அதிலும் வாடகை பாக்கி, பேலன்ஸ் 18,000 இன்னும் வரவில்லை.

நேற்று இரவு நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். மாத டியூ 38,500. இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு 62,000. நேஷனல் பெர்மிட் 16,500. காலாண்டு வரி, எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று எல்லாம் சேர்த்து 365ஆல் வகுத்தால் நாளுக்கு 1,600 ரூபாய் வருகிறது. ஓடினாலும் நின்றாலும் இது போய்க்கொண்டே இருக்கும். இத்தனை வருடம் கிலோமீட்டரையும் டன்னையும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாளை எண்ணவே இல்லை.

மே 4, சனி

மச்சினனின் டி.வி.எஸ். எக்ஸெல்லை வாங்கிக்கொண்டு நேற்றும் இன்றும் ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில்களுக்கு நேரில் போய்ப் பார்த்தேன். ஆறு மில். ஐந்து இடத்தில் ஒரே பதில்: "நாங்க டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் மூலமாத்தானுங்க அனுப்புவோம்." தப்பென்று சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத ஒருவனை நம்பி 24 டன் சரக்கை யார் ஏற்றுவார்கள்?

ஆறாவது மில்லில் எடைமேடை பார்ப்பவர் என் அப்பாவோடு கிளீனராக ஓடியவர். அவர்தான் முதலாளியிடம் கூட்டிப் போனார். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பெர்மிட், லைசென்ஸ், பான் கார்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டுபோயிருந்தேன். பத்து வண்டிக்குள் வைத்திருப்பவர் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். என்று வருமான வரி பிடிக்க வேண்டியதில்லை. அந்தக் காகிதத்தையும் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை நாங்க கேட்டு வாங்கவே மாசக்கணக்காகும். நீங்களே கொண்டாந்துட்டீங்களே" என்றார்.

சரக்கு சோலாப்பூருக்கு. ஜூலை 17 ஆஷாட ஏகாதசி. பண்டரிபுரம் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் விரதம் என்றால் சாபுதானா, அதாவது ஜவ்வரிசி கிச்சடிதான், அதனால் ஏகாதசிக்கு முன்னும், பின்னால் வரும் ஷ்ராவண மாதத்திலும் ஜவ்வரிசிக்கு இழுப்பு அதிகம். "அக்டோபர் வரைக்கும் சரக்கு இருக்குமுங்க. வண்டி சொன்ன நாளில் வருமா, அதுதான் எனக்கு வேணும்" என்றார். டன்னுக்கு 2,150 பேசினோம். டீசலுக்கு இங்கேயே 25,000 அட்வான்ஸ், மீதி டு-பே, சரக்கு வாங்குபவர் தருவது. சரக்கு இறங்கிய இடத்திலேயே பணம் கைக்கு வந்துவிடும்.

மே 6, திங்கள். சேலம் பைபாஸ்

ஏற்றும்போது மேஸ்திரி, "இன்னும் ரெண்டு டன் போடலாமுங்க, வண்டி தாங்கும்" என்றார். வேண்டாம் என்றேன். 12 சக்கர வண்டிக்கு மொத்த எடை முன்பு 31 டன், 2018 ஜூலையில் 35 ஆக்கினார்கள். கூடுதலாக நான்கு டன் ஏற்றலாம் என்று அன்று எல்லோருக்கும் சந்தோஷம். நடந்தது என்ன? ஊரிலிருந்த சரக்கு அதே அளவுதான். ஒவ்வொரு வண்டியும் கூட ஏற்றியதால் வண்டிக்கு லோடு குறைந்தது, டன் வாடகை ஏறவில்லை. இப்போது அதற்கும் மேலே ஏற்றினால் அபராதம் 20,000, கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி. டயரும் பிரேக்கும் தேய்வது யாருடைய பணம்?

எடைச்சீட்டு, இன்வாய்ஸ், இ-வே பில் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இ-வே பில் என்பது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கில் செல்லும். சோலாப்பூர் ஏறத்தாழ 870 கிலோமீட்டர் என்பதால் ஐந்து நாள் இருக்கிறது.

ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில்தான் டேங்கை நிரப்ப வேண்டும். கர்நாடகத்தில் டீசல் 86 ரூபாய். நம் பக்கத்தைவிட 7 ரூபாய் குறைவு.

மே 8, புதன். சோலாப்பூர்

தும்கூர், சித்ரதுர்கா, ஹோஸ்பேட், விஜயபுரா என்று நல்லபடியாகவே வந்தோம். மச்சினன் கூட வருவதால் இரவில் மாறி மாறி ஓட்ட முடிந்தது. நேற்று விஜயபுராவிலும் சோலாப்பூரிலும் ஓட்டுப்பதிவு. பீமா ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் தேர்தல் பறக்கும் படை வண்டியை நிறுத்தி கேபினைச் சோதனை போட்டது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். கையில் 9,000தான் இருந்தது.

ஓட்டுப்போடச் சொந்த ஊர் போன ஹமால்கள், அதாவது மூட்டை இறக்குபவர்கள், இன்று மதியம்தான் திரும்பினார்கள். அரை நாள் வீண். ஆனால் மாலை ஐந்து மணிக்குக் கடைசி மூட்டை இறங்கியதும் கடைக்காரர் மீதி 26,600ஐ அக்கவுண்டுக்கு அனுப்பிவிட்டார். ரசீதில் சீல் போட்டுக் கொடுத்தார், மூட்டை எண்ணிக்கை சரி என்று கைப்பட எழுதியும் கொடுத்தார். இறக்கிய அன்றே முழு வாடகை கைக்கு வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

மே 10, வெள்ளி. லாத்தூர்

சோலாப்பூர் மார்க்கெட்டிலேயே வெங்காய லோடு கிடைத்தது. நான்காம் தேதி ஏற்றுமதித் தடையை எடுத்ததிலிருந்து வெங்காயத்துக்கு வண்டி தேடுகிறார்கள், வாடகையும் நல்ல வாடகை. ஆனால் இந்த வெயிலில் வெங்காயம் வழியில் அழுகினால் பேலன்ஸில்தான் பிடிப்பார்கள். அதனால் காலியாக 120 கிலோமீட்டர் ஓட்டி லாத்தூர் வந்தேன். மச்சினனுக்கு அது பிடிக்கவில்லை. "காலி வண்டி ஓட்டுறது டீசலைக் கீழே ஊத்துற மாதிரி மாமா" என்றான்.

நாமக்கல்லில் கோழி இருக்கிற வரைக்கும் தீவன மில்லுக்குச் சோயா புண்ணாக்கு வந்துகொண்டேதான் இருக்கும். மக்காச்சோளம் தாவணகெரே பக்கமிருந்து வரும், சோயா லாத்தூரிலிருந்தும் இந்தோர் பக்கமிருந்தும் வரும். லாத்தூரிலிருந்து நாமக்கல் வரும் லோடு எனக்குத் தொழில் மட்டும் இல்லை, வீட்டுக்கு வரும் வழியும் அதுதான். கிளம்பும் முன்பே ஒரு தீவன மில்லின் கொள்முதல் மேலாளரைப் பார்த்து, எந்த ஆலையில் சரக்கு வாங்குகிறார்கள் என்று கேட்டு வைத்திருந்தேன். இங்கே புரோக்கர் 1,700 சொன்னார். மேலாளர் ஆலைக்கு ஒரு போன் போட்டார், 1,850க்கு நேரடியாக ஏற்றிவிட்டார்கள்.

மே 13, திங்கள். நாமக்கல்

தொப்பூர் இறக்கத்தை நேற்று இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அடிக்கட்டும்.

தீவன மில் வாசலில் மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்தார்கள், ஈரப்பதம் பார்த்தார்கள், இறக்கினார்கள். கணக்கு இது. வாடகை போக 51,600, வர 44,400, ஆக மொத்தம் 96,000. டீசல் 44,500. டோல் 13,800. ஏற்று இறக்கு மாமூல், எடைமேடை, சாப்பாடு 5,700. மச்சினனுக்கு 5,500. மீதி 26,500. ஆன நாள் எட்டு.

நாளுக்கு 3,300 ரூபாய். கொல்கத்தா நடைக்கு நாளுக்கு 2,000. நிலையான செலவு 1,600ஐக் கழித்தால் அங்கே நின்றது 400, இங்கே 1,700. டயருக்கும் என் உழைப்புக்கும் இதில்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் இந்த எண்ணை மனைவியிடம் காட்டியபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மே 21, செவ்வாய்

அந்தப் பழைய 18,000க்காக புக்கிங் ஆபீசுக்குப் போனேன். "இறக்கின ரசீது வரலை" என்றார்கள், நான்காவது முறையாக. இந்த முறை கூரியர் சீட்டையும் சீல் போட்ட ரசீதின் படத்தையும் மேசையில் வைத்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், சத்தம் போடவில்லை. 10,000 கிடைத்தது. மீதி அடுத்த மாதமாம். எல்லா புக்கிங் ஆபீசும் இப்படி இல்லை. முப்பது வருடம் நாணயமாக நடத்துபவர்களும் இதே தெருவில் இருக்கிறார்கள். ஆனால் புது ஆளிடம் லோடு எடுக்கிற தம்பிமார்கள் முதலில் ஸ்டாண்டில் நான்கு டிரைவர்களிடம் "பேலன்ஸ் எத்தனை நாளில் தருவார்" என்று கேளுங்கள். வாடகை எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

மே 27, திங்கள்

இரண்டாவது நடைக்குக் கிளம்பும் முன் ஒரு போன். லோடு ஆப்பில் என் நம்பரைப் பார்த்தாராம். புனேவுக்கு டன் 3,000, உடனே ஏற்றலாம், பதிவுக்கு மட்டும் 2,500 அனுப்பச் சொன்னார். லோடு கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்டால் அங்கே லோடு இல்லை. வைத்துவிட்டேன்.

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் டோல் ஏறிவிட்டது. ஏப்ரலில் ஏறியிருக்க வேண்டியது, தேர்தலுக்காகத் தள்ளி வைத்திருந்தார்கள். சுமார் 5 சதவீதம். எனக்கு ஒரு நடைக்கு 700 ரூபாய்.

ஜூன் 8, சனி. லாத்தூர்

மழை. இந்தப் பக்கம் பருவமழை இறங்கிவிட்டது. சோயா ஏற்றி முடிக்கவும் வானம் இருட்டவும் சரியாக இருந்தது. ஒரு தார்ப்பாய்க்கு மேல் இன்னொன்று போட்டு, கயிற்றை நானே மேலே ஏறி இழுத்துக் கட்டினேன். கீழே தளத்தில் பழைய பாயும் விரித்திருந்தோம்.

ஜூன் 11, செவ்வாய். நாமக்கல்

பின்கதவு ஓரம் ஆறு மூட்டை நனைந்திருந்தது. வாசலில் நானே முதலில் காட்டிவிட்டேன். ஆய்வகத்துப் பெண் அவற்றைத் தனியாக ஒதுக்கச் சொன்னார், மற்றதில் மாதிரி எடுத்து ஈரப்பதம் சரி என்று எழுதினார். ஆறு மூட்டைக்கும் வாடகையில் பிடித்தம். வலிக்கத்தான் செய்தது. மாலையில் மேலாளர் கூப்பிட்டு, "அடுத்த வண்டி எப்போங்க கெளம்புது?" என்று கேட்டார். இதுவரைக்கும் நான்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

பின்கதவு ரப்பரை மாற்ற நாளை பட்டறைக்குப் போக வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

கர்நாடகத்தில் டீசலுக்கு நேற்று 3 ரூபாய் ஏற்றிவிட்டார்கள். 86 இப்போது 89. என் கணக்கின் ஒரு கால் அந்த விலையில்தான் நின்றுகொண்டிருந்தது.

ஜவ்வரிசி மில் முதலாளிக்குப் போன் செய்தேன். வாடகையை ஏற்றுங்கள் என்று மொட்டையாகக் கேட்கவில்லை. சோலாப்பூர் போக 230 லிட்டர் ஆகிறது, 3 ரூபாய் வீதம் 690, 24 டன்னுக்குப் பிரித்தால் டன்னுக்கு 29 ரூபாய் என்று சொன்னேன். டீசல் இறங்கினால் அதே கணக்கில் நானும் குறைத்துக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இப்படி யாரும் கேட்டதில்லீங்க. சரி, எழுதிக் கொண்டாங்க, பார்க்கலாம்" என்றார்.

மகளின் கணக்கு நோட்டில் நடுத்தாளைக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றைய டீசல் விலை, லிட்டர், டன், ஒரு ரூபாய் ஏறினால் எவ்வளவு, இறங்கினால் எவ்வளவு. புதன் காலை ஆறு மணிக்கு லோடு ஏற்ற வேண்டும்.