கோவையில் நாங்கள் வாடகை வீடு பிடித்தது

முதலில் பெயரைச் சொல்லிவிடுங்கள். கோவையில் வாடகைக்கு வீடு தேடும் முஸ்லிம் குடும்பத்துக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். வீட்டைச் சுற்றிப் பார்த்து, நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும், வண்டி எங்கே நிறுத்துவது என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசியில் பெயர் கேட்டதும் எதிரே இருப்பவர் முகம் மாறும். மனைவியும் கைக்குழந்தையும் பக்கத்தில் நிற்க, அதைப் பார்ப்பது கொடுமை. "வீட்டுல கலந்துட்டுச் சொல்றேனுங்க" என்பார்கள். சொல்ல மாட்டார்கள். போனிலேயே பெயரைச் சொல்லிவிட்டால் அலைச்சலாவது மிச்சம்.

எனக்குச் சொந்த ஊர் கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி. வேலை சரவணம்பட்டியில். ஆபீஸுக்குப் பக்கமாக, இரண்டு படுக்கையறை, 14,000 ரூபாய்க்குள் என்று புரோக்கர்களிடம் சொல்லி வைத்தேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள். "பாய், கரும்புக்கடை, குனியமுத்தூர்ப் பக்கம் பார்த்துத் தரட்டுங்களா? உங்களுக்கு அங்கதான் சௌகரியம்." அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், நல்ல இடம்தான். ஆனால் என் ஆபீஸ் ஊரின் இந்தக் கோடி, அவை அந்தக் கோடி. காலையும் மாலையும் உக்கடம், காந்திபுரம் நெரிசலைத் தாண்டிப் போய்வர வேண்டும். சரவணம்பட்டியில் கேட்டால் இல்லை என்கிறார்கள், கணபதியில் கேட்டால் இல்லை என்கிறார்கள். பிறகு அதே வாயால், "அவங்க எல்லாம் ஒரே இடத்துலதானுங்க கூட்டமா இருப்பாங்க" என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் ஒருவரே, ஒரே மூச்சில் சொல்லக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

பெயரைத் தாண்டி உள்ளே விட்டவர்களும் கேள்வி கேட்டார்கள். குடும்பம் பெரிசா, மாட்டுக்கறி ஆக்குவீங்களா, வீட்டம்மா புர்கா போடுவாங்களா, வீட்டுக்குள்ள உருதா பேசுவீங்க? நாங்கள் ராவுத்தர். என் பாட்டிக்குத் தமிழைத் தவிர ஒரு மொழியும் தெரியாது. இதே கோவையில் வீட்டுக்குள் தக்னி உருது பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து மலையாளம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கல்யாணச் சோறு தொடங்கிப் பெண் பார்க்கப் போகிற வழக்கம் வரை ஒருவருக்கொருவர் வேறு. எங்களுக்குள் சம்பந்தம் பேசும்போதே இதெல்லாம் பெரிய விஷயமாக எழும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு மட்டும் எல்லோரும் ஒரே அச்சு.

குடும்ப அளவைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1992-93இல் முஸ்லிம் பெண் ஒருவருக்குச் சராசரி 4.4 பிள்ளைகள், 2019-21 கணக்கெடுப்பில் 2.36. ஒரு தலைமுறைக்குள் ஏறக்குறையப் பாதி. எங்கள் வீட்டில் நானும் தங்கையும் இரண்டே பேர். எனக்கு ஒரு மகள்.

கடைசியில் கிடைத்த வீடு விளாங்குறிச்சிப் பக்கம், மாடி போர்ஷன். வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர், தன்மையான மனிதர். காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. தொண்ணூத்தெட்டுல இந்த ஊர் பட்ட பாட்டைப் பாத்தவங்க நாங்க. என்ற மச்சினன் அன்னிக்கு ஆர்.எஸ்.புரத்துல இருந்தான். இன்னும் ஒரு காது கேக்காது."

அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தார்கள். அவர் மச்சினனின் காதும் அந்தக் கணக்கில் சேர வேண்டியதுதான். நான் எங்கள் அத்தாவை, அதாவது அப்பாவை, பற்றிச் சொன்னேன். அத்தா அப்போது ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1997 நவம்பர் கடைசியில் போக்குவரத்துக் காவலர் ஒருவரை முஸ்லிம் இளைஞர்கள் சிலர் குத்திக் கொன்றார்கள். அடுத்த நாட்களில் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். அத்தா வேலை பார்த்த கடை எரிந்தது. பேரேடு ஒன்றை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவர், பிறகு கோவையில் வேலைக்கே வரவில்லை. குண்டு வைத்தவர்களை எங்கள் வீட்டில் அவர் திட்டியது போல நான் யாரும் திட்டிக் கேட்டதில்லை. "உங்க மச்சினன் பயந்த அதே ஊரைப் பாத்து எங்க அத்தாவும் பயந்தாருங்க" என்றேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாவியை எடுத்து மாடியைக் காட்டினார்.

2022 அக்டோபர் 23இல், தீபாவளிக்கு முதல் நாள், கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்ததையும் அவர் கேட்டார். ஜமாஅத்துக்காரர்கள் சில நாளில் அந்தக் கோயிலுக்கே போய்க் கோயில்காரர்களைப் பார்த்துப் பேசியதைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. வெடித்தது எல்லோர் காதிலும் விழுகிறது. போய்ப் பேசியது விழுவதில்லை.

ஆனால் ஒப்பந்தம் வந்தபோதுதான் உண்மையான வேலை. டைப் அடித்த தாளில், வாடகை, கரண்ட் பில் எல்லாம் தாண்டி, 9ஆவது நிபந்தனை: "வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கக் கூடாது; பண்டிகை நாட்களில் நான்கு பேருக்கு மேல் உறவினர் கூடக் கூடாது." அட்வான்ஸ் ஒரு லட்சம்.

நான் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, கீழ் வீட்டு அக்ரிமென்ட்லயும் 9ஆவது இதேதானுங்களா?" என்று மட்டும் கேட்டேன். கீழ் வீட்டில் இருந்தவர்கள் இந்துக் குடும்பம். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்து அவர் வீட்டம்மாதான் சொன்னார்: "அடிச்சு விடுங்க. நம்ம நோம்பிக்கு எத்தன பேரு வர்றாங்க." பேனாவால் கோடு போட்டு, ஓரத்தில் இருவரும் கையெழுத்து வைத்தோம்.

பெயரைக் காரணம் காட்டி மறுத்தால் சட்டம் துணைக்கு வருமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நேரடியாக வராது. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு மதத்தால் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசைக் கட்டுப்படுத்துகிறது. கடை, ஓட்டல், கிணறு, குளம் போன்ற பொது இடங்களையும் சொல்கிறது. தனியார் வீட்டு வாடகையைச் சொல்லவில்லை. பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்று தன் ஆட்களுக்கு மட்டும் இடம் என்று வைத்த விதியை உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றுக்கொண்டது. இது மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளே போன பிறகு சட்டம் உதவும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. முன்கூட்டி அறிவிக்காமல் வீட்டுக்காரர் உள்ளே வரவும் கூடாது. இதைச் சொல்லித்தான் ஒரு லட்சத்தை 42,000க்கு இறக்கினேன். வாய்ப்பேச்சில் நின்றிருந்தால், நாளைக்கு எங்கேயாவது ஏதாவது நடக்கும்போது, "காலி பண்ணிக்குங்க" என்ற ஒரு சொல் போதும்.

சாவி கொடுக்கும்போது பெரியவர் தோளில் கை வைத்து, "நீங்க அவங்களாட்டம் இல்லீங்க தம்பி" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது. "நான் அவங்கள்ல ஒருத்தன்தானுங்க. எங்க ஊர்ல என்னாட்டம் ஆயிரம் பேர் இருக்காங்க. நாளைக்கு என் தங்கச்சி வீடு கேட்டு வந்தா, அவ நல்லவளான்னு பரிட்சை வெச்சுட்டுத்தான் குடுப்பீங்களா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் காது கொடுத்துக் கேட்டார்.

தங்கை இப்போது உண்மையிலேயே பீளமேட்டில் தேடிக்கொண்டிருக்கிறாள். கணவன், மனைவி, ஒரு பையன். நேற்றுகூட ஒருவர் பெயரைக் கேட்டதும் வீடு முடிந்துவிட்டது என்றிருக்கிறார். போர்டு இன்னும் கேட்டில் தொங்குகிறது. ஹோப் காலேஜ், மசக்காளிபாளையம் பக்கம் 15,000 ரூபாய்க்குள் வீடு இருந்தால் சொல்லுங்கள். ஜூன் மாதத்திலிருந்து வேண்டும்.