உறைப் புரதம் என்ற பெயர் சரியில்லை

வைரஸ் என்றால் உள்ளே மரபுப்பொருள், வெளியே புரத உறை, தலையணையும் தலையணை உறையும் மாதிரி. பள்ளியில் படித்த இதை வெகுகாலம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். புகையிலைத் தேமல் வைரஸைப் பற்றி உட்கார்ந்து படித்த பிறகுதான் அது எவ்வளவு தப்பான படம் என்று தெரிந்தது.

300 நானோமீட்டர் நீளத்தில் ஒரு குச்சி. ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஏறக்குறைய 2,130 புரதங்கள் சுருள் படிக்கட்டாக அடுக்கியிருக்கும். நடுவில் ஓர் ஓட்டை. இந்த வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ அந்த ஓட்டையில்தானே கிடக்கும் என்று நினைப்போம், இல்லை. புரதச் சுவருக்குள்ளேயே, படிக்கட்டு சுழலும் வழியில் தானும் சுழன்றபடி புதைந்திருக்கிறது என்று 1950களில் எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து காட்டியவர் விஞ்ஞானி ரோசலிண்ட் பிராங்க்ளின். ஆர்.என்.ஏ இழையின் கண்ணிகளை ஏ, யூ, ஜி, சி என்று எழுத்துகளாகச் சொல்வார்கள். ஒரு புரதத்துக்கு மூன்று எழுத்து என்பது கணக்கு. ஆர்.என்.ஏ.வில் மொத்தம் சுமார் 6,400 எழுத்துகள், அதனால்தான் குச்சி அந்த நீளத்தில் நிற்கிறது. ஆர்.என்.ஏ.வைக் குட்டையாக்கினால் குச்சியும் குட்டை.

சரி, செல்லுக்குள் எத்தனையோ ஆர்.என்.ஏ மிதக்கும்போது தன்னுடையதை இந்தப் புரதம் எப்படி அடையாளம் காண்கிறது? ஆர்.என்.ஏ.வின் கடைசி முனையான 3' முனையிலிருந்து ஆயிரம் எழுத்துக்குச் சற்று முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதன் நுனியில் ஏஏஜி ஏஏஜி யூசிஜி, அதாவது மூன்றாவது எழுத்தெல்லாம் ஜி. புரதத்தின் பிடிக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. அங்கே தொடங்கி அடுக்கு உயர்கிறது. மணி கோர்ப்பவர் நூல் முனையிலிருந்துதான் கோர்ப்பார், இதுவோ நடுவில் தொடங்குகிறது. அதனால் மிச்சமுள்ள நீண்ட வால் ஓட்டை வழியாகக் கீழே தொங்க, மேலே புதுப் புரதங்கள் வந்து உட்கார உட்கார, வால் அதே ஓட்டை வழியாக மேலே இழுபடுகிறது. இதை வாசித்த அன்று ஒரு நூலையும் சில வளையங்களையும் வைத்துச் செய்துபார்த்து, சிக்கல் போட்டு, பாதியில் விட்டேன்.

அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததை அப்புறம் விடவும் வேண்டுமே. அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. புரதங்கள் சந்திக்கும் இடங்களில் ஒன்றையொன்று தள்ளும் எதிர்மின்சுமைகளைக் கால்சியமும் புரோட்டான்களும் அடக்கிவைத்திருக்கும். செல்லுக்குள் அவை குறைவு, அதனால் சுமைகள் முறுக்கிக்கொள்ள, ஆர்.என்.ஏ.வின் தொடக்க முனையான 5' முனை இருக்கும் பக்கம் தளர்கிறது. அந்த முனையின் முதல் எழுபதுக்குச் சற்றுக் குறைவான எழுத்துகளில், நுனியில் மாட்டியிருக்கும் தொப்பி என்ற அமைப்பை விட்டுவிட்டால், ஜி கிடையாது. பிடி இயல்பிலேயே லேசு. செடியின் ரைபோசோம், அதாவது ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் செய்யும் இயந்திரம், அங்கே ஏறி, படித்துக்கொண்டே போகும் போக்கில் புரதங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறது. பூட்டைத் திறக்கும் வேலையை வீட்டுக்காரனே செய்துகொடுக்கிறான்!

இந்த வைரஸின் ஆர்.என்.ஏ தனியாகவே செடியில் தொற்றிவிடும் என்று 1956லேயே காட்டிவிட்டார்கள். அப்படியானால் புரதம் வெறும் உறைதானே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அப்போதுதான் குதிரைமசால் தேமல் வைரஸ் கண்ணில் பட்டது. அதன் மரபுத்தொகுதி ஆர்.என்.ஏ.க்களை மட்டும் செடியில் தடவினால் நோய் வராது. கூடவே கொஞ்சம் உறைப் புரதமும் வேண்டும், அது 3' முனையில் போய் ஒட்டினால்தான் தொற்றே தொடங்குகிறது.