ஓரமா நிக்கிறவங்க

மட்டக்களப்புல களுவாஞ்சிக்குடி பக்கம் ஒரு பாமசியில 11 வருசமா நிக்கிறன். காலைல பட்டிருப்புப் பாலத்தால படுவான்கரை பஸ் வந்திட்டா கடை நிறைஞ்சிரும், பிரஷர், சுகர், பனடோல், புள்ளைக்கு இருமல் பாணி எண்டு. அதுக்குள்ள ஒராள் மட்டும் எல்லாரும் போகட்டும் எண்டு ஓரமா நிப்பார், கையில டொக்டர் எழுதின மருந்துத் துண்டு எட்டா மடிச்சிருக்கும். விரிக்க முதலே எனக்கு விளங்கிரும், மன வருத்தத்துக்குள்ள குளிசை எண்டு.

வேலைக்கு வந்த புதுசுல ஒரு பிழை விட்டன். ஒரு பொடியன் புளுவொக்செற்றின் துண்டோட வந்தான், நான் சுகர் குளிசைக்குச் சொல்ற மாதிரியே சத்தமா, "தம்பி இது மனச்சோர்வுக்குள்ளது, காலைல போடுங்க" எண்டிட்டன். பின்னால நிண்ட மனுசி திரும்பிப் பாத்தா. அவன் மிச்சக் காசையும் எடுக்காமப் போயித்தான், பிறகு எங்கட கடைக்கு வரவே இல்ல. "விசர்க் குளிசை" எண்டுதான் ஊர்ல அதுக்குப் பேர், அது ஒருக்கா ஒட்டினா கலியாணப் பேச்சு வரைக்கும் பின்னால வரும். அண்டையில இருந்து இப்பிடித் துண்டு வந்தா ஓரத்துக்குக் கூப்பிட்டு, குளிசை உறையில எழுதிக் காட்டி, மெதுவாத்தான் சொல்றது.

என்ன சொல்றதெண்டா, இது பனடோல் மாதிரி இல்ல, வேலை செய்ய 2 கிழமை, சிலருக்கு 4 கிழமை செல்லும், முதல்ல வயித்தப் புரட்டலாம், பயப்படாதீங்க, ஆனா நினைப்பு மோசமாகினா உடனே டொக்டரிட்டப் போங்க எண்டு. இது தெரியாமத்தான் பத்தாம் நாள் "ஒண்டும் செய்யுதில்ல" எண்டு நிப்பாட்டுறாங்க, சுகம் வந்தாலும் நிப்பாட்டுறாங்க. டொக்டர் சொல்லியிருப்பார்தான், ஆனா கிளினிக் சனத்துக்குள்ள கேட்டது பாதி, பஸ் ஏற முதல் மறந்தது பாதி.

ஒருக்கா வயல் வெட்டுக் காலத்துல ஒரு ஐயா இடுப்பு நோவுக்கு டைக்குளோபெனாக் கேட்டார், துண்டில்லாம. காசு எண்ணக்குள்ள விரல் நடுங்கினதக் கண்டன். மனநிலை மாறி மாறிப் போற வருத்தத்துக்குக் குடுக்கிற லித்தியம் பாவிக்கிறவர் எண்டு எனக்குத் தெரியும், அதோட இந்த நோக் குளிசை சேந்தா ரத்தத்துல லித்தியம் கூடிரும், வெயிலுக்க வேர்த்து தண்ணி குடிக்காம நிண்டா இன்னும் கூடும். குளிசை குடுக்கல, கிளினிக் கொப்பிக்குள்ள ஒரு கடதாசி எழுதி வெச்சு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினன். ரத்தம் சோதிச்சா கூடத்தான் இருந்ததாம்.

நித்திரைக் குளிசை கேட்டு வாறவங்கதான் கூட. "தங்கச்சி, ஒரே யோசினயா இரிக்கி, நித்திர இல்ல, பத்து தாவன்." கிழமைக் கடன்காரன் வாசல்ல நிப்பான், கட்டார் போன புருசன் கோல் எடுக்கிறதில்ல. துண்டில்லாமக் குடுக்கேலா, ஆனா "இல்ல" எண்டு மட்டும் சொல்லி அனுப்பவும் மனசு விடாது. கதிரை போட்டு இருத்தி, தண்ணி குடுத்து, ஒரு அக்காவிட்ட நேராவே கேட்டன், "செத்துப் போகணும் எண்டு நினைப்பு வருதாகா?" கேட்டா அந்த நினைப்ப நாம குடுத்திருவம் எண்டு முந்திப் பயந்தன், அப்பிடி இல்ல. அவ முந்தானைய வாய்க்குள்ள அமத்தி அழுதா, கனநேரம். நான் மனநல உதவிக்கு கோல் எடுக்கிற 1926 நம்பரக் குறிச்சுக் குடுத்து, அவட தங்கச்சிய வரச் சொல்லி, அவ வந்து கிளினிக் கூட்டிப் போகுமட்டும் பக்கத்துலயே இருந்தன், கடையில வரிசை நிண்டது, நிக்கட்டும் எண்டு விட்டன்.

இப்ப ஒரு கொப்பி வெச்சிருக்கன், மாசக் குளிசை எடுக்கிறவங்கட திகதி அதுல இருக்கு, பிந்தினா ஆருக்கு கோல் எடுக்கலாம் எண்டும் அவங்களிட்டயே கேட்டு எழுதியிருக்கன். நேத்து ஒராள் 5 நாள் பிந்தி. எடுத்தன், மகள் கதைச்சா. "அப்பா நல்லாத்தான் இரிக்கார் அக்கா, பஸ்ஸுக்குக் காசில்லாம நிண்டார்." இண்டைக்குப் பின்னேரம் அந்தப் பக்கம் போற பொடியனிட்ட குளிசையக் குடுத்து விட்டன், உறைய ஒட்டி, மேல பேர் மட்டும் எழுதி.