ட்ரீம்காஸ்ட்ட கொன்னது கொப்பி சீடி இல்லங்க

ஜப்பான் கேம் கொம்பனி சேகாவோட கடைசி மிஷின் ட்ரீம்காஸ்ட் பேச்சு வந்தாலே யாராச்சும் ஒருத்தர் "கொப்பி சீடி தான் சேகாவ சாய்ச்சிருச்சி"ன்னு ஆரம்பிச்சிருவாங்க, எனக்கு இத மட்டும் ஒத்துக்க ஏலாது. ஹட்டன் டவுன் கேம் கடையில நாங்க சல்லி குடுத்து வெளாடின பிளேஸ்டேஷன்ல ஒரு ஒரிஜினல் டிஸ்க் கூட நான் கண்டதில்ல, எல்லாமே மார்க்கர்ல பேரு எழுதின சீடி, சிக்குனா கடைக்கார அண்ணன் சாரத்துல தொடச்சி திரும்ப போடுவாரு. அதுக்காக சோனி என்ன கடைய மூடிருச்சா? ட்ரீம்காஸ்ட்டுக்கு சிப் கூட மாத்தத் தேவையில்ல, ரைட் பண்ண சீடிய அப்படியே போட்டா ஓடும்ங்கிறது உண்மைதான், ஆனா வினை அதுக்கு முன்னாடியே தொடங்கிருச்சி.

1995 செப்டம்பர்ல அமெரிக்காவுக்கு வரவேண்டிய, ட்ரீம்காஸ்ட்டுக்கு முந்தின மிஷினான சாட்டர்ன மே மாசம் ஈ3 கேம் ஷோவுலயே சொல்லாம கொள்ளாம 399 டொலருக்கு எறக்குனாங்க, சோனிக்காரன் அதே ஷோவுல பிளேஸ்டேஷனுக்கு 299ன்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டான். சரக்கு கெடைக்காத கடைக்காரங்களுக்கு சேகா மேல செம கடுப்பு. அதுக்கு முந்தின வருஷம் தான் சேகாவோட பழைய மிஷின்ல சொருகுற 32எக்ஸ்ங்கிற சாமான வாங்கி ஏமாந்த சனம் வேற. இவ்வளவுக்கும் அப்புறம் எவன் நம்புவான்?

ட்ரீம்காஸ்ட் என்னவோ அருமையான மிஷின் தான். 1998 நவம்பர்ல ஜப்பான்ல வந்தப்போ கிராபிக்ஸ் சிப் போதாம சரக்கு தட்டுப்பாடு, அடுத்த வருஷம் செப்டம்பர் 9 அமெரிக்காவுல 199 டொலர், உள்ளுக்குள்ளயே மோடம்! எங்க தோட்டத்துல அப்போ ஒரு கோல் எடுக்கவே டவுனுக்கு எறங்கி கம்யூனிகேஷன் கடையில லைன்ல நிக்கணும்.

கொழும்புல மச்சான் வச்சிருந்த பழைய செட் ஒன்ன பிறகு வெளாடிப் பாத்தேன். கொன்ட்ரோலர்ல சொருகுற விஎம்யூங்கிற குட்டி மெமரி கார்ட்ல சின்ன ஸ்கிரீன் இருக்கும், கழட்டி தனியாவும் வெளாடலாம், ஆனா பேட்டரி சீக்கிரம் செத்துரும், செத்துட்டா ஒவ்வொரு தடவ ஓன் பண்றப்பவும் பீஈஈப்ன்னு கத்தும், அத்தை குசினியில இருந்து "என்னடா அது"ம்பாங்க.

இதுல ஈஏன்னு பெரிய கேம் கொம்பனி ட்ரீம்காஸ்ட்டுக்கு ஒரு கேம் கூட குடுக்கல. 2000 மார்ச்ல ஜப்பான்ல சோனியோட அடுத்த பிளேஸ்டேஷன், பிஎஸ்2, டீவிடியோட வந்திச்சி, படமும் பாக்கலாம்னா வீட்டுல பெரியவங்கள சம்மதிக்க வைக்கிறது எந்த ஊருலயும் லேசு தானே.

2001 ஜனவரியில ட்ரீம்காஸ்ட்ட நிப்பாட்டுறோம்னு சேகா கைய விரிச்சிருச்சி, வித்தது மொத்தம் 91 லட்சம் சொச்சம். சேர்மன் இசாவோ ஒகாவா கிட்டத்தட்ட 8,500 கோடி யென் பெறுமதியான சொந்தப் பங்குகள கொம்பனிக்கே குடுத்துட்டு அந்த மார்ச்லயே செத்துப்போனாரு. அந்த மனுஷன் இல்லாட்டி சேகாவோட கேம் ஹீரோ சோனிக் முள்ளெலிக்கும் சேத்து பாடை கட்டியிருப்பாங்கன்னு தான் நான் நெனைக்கிறேன்.