மூணு பட்டை மேஜர்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடை போர்டு மலையாளத்தில் இருக்கும், பேச்சு தமிழில் நடக்கும். பட்டாளத்திலிருந்து எவன் திரும்பி வந்தாலும் அங்கே அவன் மேஜர்.

"ஏனுங்க மேஜர், உங்களுக்குக் கீழ எத்தன ஆயிரம் பேருங்க?"

டீக்கடையில் கேட்டவரிடம், செக்‌ஷனில் இருந்தபோது பத்துப் பேர் என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

நான் ஹவில்தார். சட்டைக் கையில் மூணு பட்டை. ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், அதற்கு மேல் நாங்கள். 'சாப்' என்று கூப்பிடுவது நாயப் சுபேதாரிலிருந்துதான். அந்த மரியாதை எங்களுக்கு ஒரு படி தள்ளி நின்றது. கடைசி வருஷங்களில் கம்பெனி ஹவில்தார் மேஜர் ஆனேன். அது தனி ரேங்க் இல்லை, ஹவில்தாருக்குக் கொடுக்கிற பொறுப்பு. வாலில் ஒட்டிய அந்த 'மேஜர்'தான் ஊரில் இத்தனை வினை.

ஹவில்தார் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். ஹவாலா என்றால் ஒப்படைத்தது. அதை வைத்திருப்பவர் ஹவில்தார். குதிரைப்படை வழி வந்த ரெஜிமெண்டுகளில் இதே பதவி தஃபேதார். கலெக்டருக்கு முன்னால் நடக்கிற டபேதாருக்கும் அதே சொல்தான். அவருக்காவது பளபளவென்று வில்லை உண்டு.

என்னிடம் ஒப்படைத்தது தலைகள். காலையில் ஃபால்-இன், வரிசையில் நிற்க வைத்து நஃப்ரி, அதாவது ஆள் கணக்கு, எண்ண வேண்டும். லீவில் இத்தனை, ஆஸ்பத்திரியில் இத்தனை, காவலில் இத்தனை, லங்கர் என்கிற சமையல்கூடத்தில் இத்தனை; கூட்டினால் கம்பெனி சரியாக வர வேண்டும். ஒருநாள் ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன், மறுபடியும் ஒன்று. நூறு பேருக்கு மேல் குளிரில் விறைத்து நிற்கிறார்கள், பாரக்கின் கட்டிலுக்கு அடியில்கூடத் தேட ஆள் போயாயிற்று. கால் மணி நேரம் கழித்து ரேஷன் வண்டி வந்தது. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டை மேல் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். முந்தின ராத்திரி அவனை அனுப்பியதே நான்தான், நோட்டில் எழுத மறந்திருந்தேன். கம்பெனி கமாண்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

1948-இல் காஷ்மீரின் டித்வாலில் நடந்த சண்டையில் உயிர் கொடுத்துப் பரம் வீர் சக்ரா பெற்ற பீரு சிங்கும் கம்பெனி ஹவில்தார் மேஜர்தான். அதே பதவியில் இருந்து நான் செய்ததெல்லாம் பெரும்பாலும் எண்ணியதுதான்.

போன மாசம் பக்கத்து வீட்டுக் கல்யாணம். பத்திரிகையில் என் பேருக்கு முன்னால் 'மேஜர்' என்றே அச்சாகியிருந்தது. திருத்தச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் மாமா வந்து கையைப் பிடித்தார்.

"மேஜருங்க, சமையக்காரன் கணக்கு ஒத்து வரலீங்க. பந்திக்கு எத்தன எலை விழுதுன்னு நீங்க கொஞ்சம் நின்னு எண்ணிக் கொடுக்கோணும்."

நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு வாசலில் நின்றேன். முதல் பந்தி, எண்பத்து நாலு.